இருநூற்றுப் பத்து நானோமீட்டர்

ஆய்வுக்கூடத்தில் என்ன வேலை என்று யாராவது கேட்டால், "வெளிச்சம் திரும்பி வராம பாத்துக்கறது" என்பேன். சிப்புக்குள் மெல்லிய பாதையில் ஓடும் ஒளி, முனையில் வெளியேறும்போது கொஞ்சம் முட்டிக்கொண்டு உள்ளேயே திரும்பும். முனையில் சரியான தடிமனில் பூச்சு பூசினால் திரும்பாது. அந்தத் தடிமனைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வது என் பாடு.

சிப் ஒன்றே ஒன்று, வெளிநாட்டில் செய்து வந்தது. என் முனைவர் பட்டக் கெடுவை ஒருமுறை நீட்டித்தாயிற்று, இனிமேல் கிடையாது. இந்தச் சிப்பில் அளந்து காட்டினால் பட்டம். இல்லாவிட்டால் நான்கு வருஷமும் வீண்.

புரோகிராம் இடத்தைச் சின்னக் கட்டங்களாக வெட்டிக்கொள்ளும். என் கட்டம் இருபது நானோமீட்டர். தடிமனை ஒவ்வொரு நானோமீட்டராகக் கூட்டிப் போட்டேன். திரும்பும் ஒளியின் வரைபடம் படிக்கட்டு மாதிரி வந்தது, பார்க்கச் சகிக்கவில்லை. செமினாரில் காட்ட வேண்டுமே என்று ஒரே கட்டளையில் அதை வழவழவென்று வளைவாக்கினேன். வளைவின் அடிப்புள்ளி இருநூற்றுப் பத்தில் உட்கார்ந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, சனியன்.

ஆய்வுக்கூடத்தில் பூச்சு போடும் அண்ணனிடம் அந்த எண்ணைக் கொடுத்தேன். பெங்களூரு சிவாஜிநகரிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"இருநூத்திப் பத்து, பக்காவாம்மா? ஒருவாட்டி பூசிட்டா சுரண்ட முடியாது. முனையே பூடும்."

"பக்காண்ணா."

அவர் இம்மி பிசகாமல் பூசிக் கொடுத்தார். அளந்தால், நான் சொன்னதைப் போலப் பதினைந்து மடங்கு ஒளி திரும்பி வந்தது. மூன்று நாள் கருவியைத் திட்டினேன். வெட்கமாக இருக்கிறது, அண்ணனைக்கூடச் சந்தேகப்பட்டேன். நாலாம் நாள் காலை தொம்மலூரில் பஸ் நகராமல் நின்றது. மொபைலில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். வளைவாக்குவதற்கு முந்தைய படிக்கட்டு வந்தது. இருநூற்றிலிருந்து இருநூற்றுப் பத்தொன்பது வரை நான் எதைக் கொடுத்தாலும், கட்டத்தில் அடங்காததை வெட்டிவிட்டு, புரோகிராம் இருநூறு என்றே எடுத்துக்கொண்டிருக்கிறது. சரியான தடிமன் இருநூறு. படிக்கட்டு அதைத்தான் சொன்னது. வாயை அடைத்தது நான்.

கட்டத்தை ஒரு நானோமீட்டராக்கி, இருநூற்றுப் பத்துக்கு மறுபடி ஓட்டினேன். ஒவ்வொரு அலைநீளத்திலும் எவ்வளவு ஒளி திரும்பும் என்று ஒரு கோடு வந்தது. அந்தக் கோட்டையும் அளந்த கோட்டையும் ஒரே தாளில் அச்செடுத்து என் ஆராய்ச்சி கைடிடம் கொண்டுபோனேன். ஒரு கோடுதான் இருப்பதுபோல் தெரிந்தது.

"இப்பத்தாம்மா கரெக்டா வருது," என்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "வேற சிப்புக்கு எழுதினா வர ஒரு வருஷம் ஆவும். உனக்கு ஆறு வாரம்தான் இருக்கு."

"தெரியும் சார்."

அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு அழக்கூட வரவில்லை. நான்கு வருஷத்தில் என் கணக்கு நிஜத்தோடு ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான். எவ்வளவு தோற்றேன் என்பதைத்தான் அவ்வளவு துல்லியமாகக் கணக்குப் போட்டிருந்தேன்.