கழுதை தின்ற ஒப்படை

மன்னாரில் பட்டப்படிப்பு மாணவருக்கு வரலாறு கற்பிக்க என்னை அழைத்தபோது நான் ஓய்வுபெற்ற முதுநிலை விரிவுரையாளன். எந்த மாணவரும் என்னை ஏமாற்றியதில்லை என்பது நிர்வாகக் கந்தோர்வரை அறியப்பட்ட செய்தி. அதை நான் பரப்பவில்லை, மறுக்கவும் இல்லை.

வீட்டில் எழுதிவரச் சொல்லும் ஒப்படை தட்டச்சில் வந்தால் நான் ஏற்பதில்லை. முதலில் ஏற்றேன். நறுவிலிக்குளத்து விவசாயியின் மகனும் பேசாலை மீனவரின் மகளும் ஒரே அந்நியரைக் கொண்டு எழுதுவித்ததுபோல் எழுதியிருந்தார்கள். அந்த அந்நியர் கைத்தொலைபேசிக்குள் வசிப்பவர் எனப் பின்னர் அறிந்தேன். ஆகவே கையால் எழுதுக, குறித்த நாளில் தருக, தராதவர் பரீட்சை எழுத முடியாது என விதித்தேன்.

குறித்த நாளில், எருக்கலம்பிட்டியிலிருந்து சைக்கிளில் வரும் மாணவி ஒருவர் வெறுங்கையுடன் வந்து நின்றார்.

"சேர், ஒப்படையைக் கழுதை திண்டிட்டுது."

"எந்தக் கழுதை?"

"பஸ் நிலையத்தடியில நிக்கிறது. நான் கடைக்குள்ள போட்டு வாறதுக்கிடையில கூடைக்குள்ள தலையை விட்டிட்டுது. ஒரு மூலை மிச்சம் இருக்கு சேர். எச்சில் பட்டது. தரட்டோ?"

வேண்டாம் என்றேன். "கழுதைக்கு எத்தினை புள்ளி சேர்?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் விசாரித்தார்.

மன்னார் நகரில் கழுதைகள் கேட்பாரற்று அலைகின்றன. புல் கருகிய மாதங்களில் கடைவாசலில் கிடக்கும் காகித மட்டையையும் விடுவதில்லை என்பார்கள். நானோ முருங்கனிலிருந்து வந்து போகிறவன்; அவை காகிதம் தின்று கண்டதில்லை. நம்பினால் ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கும். நம்பாவிட்டால் அவர் பரீட்சையை இழப்பார். இந்த முறை தவறினால் படிப்பை நிறுத்துவதென்று அவர் வீட்டில் ஏற்கெனவே பேசியிருந்தார்கள். யோசித்துச் சொல்வதாக அனுப்பிவைத்தேன்.

அடுத்த வகுப்புக்காகப் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது அந்தக் கழுதை நின்றது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, பையிலிருந்த, தட்டச்சில் வந்த விரிவுரையாளர் கூட்ட அறிவித்தலை நீட்டினேன். முகர்ந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்த அறிவித்தலை வாசித்த எவரும் அவ்வாறே செய்திருப்பர். என் கைப்பட எழுதிய வகுப்புக் குறிப்பில் ஒரு தாளை நீட்டினேன். மென்று விழுங்கிவிட்டு என் சட்டைப்பையை ஆராயத் தொடங்கியது.

"அதுவும் உங்களைப் போலத்தான் சேர்," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "தட்டச்சு எடுக்காது."

அதே மாணவி, சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். சிரித்து முடித்ததும் அவர் முகம் மாறியது.

"அப்ப, நான் சொன்னதை நீங்கள் நம்பேல்லை. கழுதை சொன்னதைத்தான் நம்பினனீங்கள்."

நடுத்தெருவில் நின்று விளக்கமளிப்பது என் நிலைக்குப் பொருந்தாது. "வகுப்புக்கு நேரமாகுது, வாரும்," என்று கூறி முன்னே நடந்தேன்.

அவர் ஒப்படையை மீண்டும் எழுதித் தந்தார், பரீட்சையிலும் சித்தியடைந்தார். கழுதையின் சாட்சியத்தை ஏற்றே நான் அவரை அனுமதித்தேன் என்று மாணவரும் சக விரிவுரையாளர் சிலரும் இன்றுவரை சொல்லித் திரிகிறார்கள்.

அது பிழை. அவரை அனுமதிக்கும்படி நான் கந்தோருக்குத் தொலைபேசியில் சொன்னது, கழுதையைச் சந்திப்பதற்கு முதல் நாள்.