வெளியே நின்றவர்

பிள்ளைகளே, சுவிஸின் ஓல்டன் நகரில் நான் குசினியில் வேலை செய்த முதியோர் இல்லத்தில் தாதியாக இருந்த மன்னார்க்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். உயரமான மனிதர். சட்டைக் கையை முழங்கைவரை மடிப்பதும் இறக்குவதுமாகவே இருப்பார்.

அங்கே இருந்த ஒரு சுவிஸ் அம்மா, தீராத நோயின் வலி பொறுக்காமல், பிறர் உதவியோடு தன் உயிரை முடித்துக்கொள்ள முடிவெடுத்தார். இங்கே சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. மனம் ஒப்பாத தாதியை அதில் சேரச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது. எங்கள் ஆள் வேதக்காரர், உயிரை முடிப்பது பாவம் என்று நம்பும் கிறிஸ்தவர். "என்னால ஏலாது" என்று பொறுப்பாளரிடம் சொல்ல, அவரும் சரி என்றுவிட்டார்.

அந்த நாள் காலை நான் குசினியிலிருந்து அம்மாவுக்குக் கோப்பி கொண்டு போனேன். அறைக்கு வெளியே விறாந்தையில் இவர் அங்கும் இங்கும் நடந்துகொண்டிருந்தார்.

"உம்மை ஒருத்தரும் உள்ள போகச் சொல்லேல்லையே தம்பி. பிறகேன் அந்தரப்படுறீர்?" என்றேன்.

"ஓம் அண்ணை, சட்டம் என்னை வெளிய நிக்க விடுது. நாலு வருசமா நான் குளிப்பாட்டின மனுசி உள்ள இருந்து என்னை வரச்சொல்லிக் கேக்கிறா. அதுக்குச் சட்டம் என்ன செய்யும்?"

கோப்பையை வாங்கி, தட்டில் இருந்த சீனியில் மூன்று கரண்டி போட்டுக் கலக்கினார். "அவவுக்கு இப்பிடித்தான் வேணும்" என்று என் கையிலேயே திருப்பித் தந்தார்.

உள்ளே கொண்டுபோய்க் கொடுத்தேன்; அம்மா ஒரு மிடறு குடித்தார். பிறகு கதவைப் பார்த்துச் சிரித்தார்.

அன்றைக்கு அவர் உள்ளே போகவில்லை என்றுதான் வேலையிடத்தில் எல்லாரும் சொல்வார்கள். அப்படிச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.