பதினேழாம் குப்பி

இதை நம்பாதவர்களிடம் காந்திமதி வாதாடுவதில்லை. அன்றைக்கு அச்சடித்த நான்கு தாள்களை எடுத்து நீட்டிவிடுவாள். தேதியும் நேரமும் அவற்றிலேயே இருக்கின்றன.

திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. கேப்பையும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் நிறையச் சாப்பிடுகிறவர்களின் குடலில் உண்டாகும் சின்னக் கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் எவ்வளவு கலக்கின்றன என்று அளக்கும் ஆராய்ச்சி. புதன்கிழமை வளவனூர்ப் பக்கம் போய் நாற்பது பேரிடம் அவளே ரத்தம் எடுத்து வந்திருந்தாள். அதைப் பதப்படுத்திச் சின்னக் குப்பிகளில் மூடி இறுக்கி வரிசையாக வைத்தால் போதும். எந்திரம் ஒவ்வொன்றிலும் ஒரு துளி உறிஞ்சி, அமிலங்களைத் தனித்தனியாகப் பிரித்து, திரையில் மேடு மேடாகக் கோடு வரையும்.

ஞாயிற்றுக்கிழமை பகல். கூடத்தில் அவள் மட்டும்.

1.20. பதினேழாம் குப்பி. அந்த அமிலங்களில் ஒன்றான பியூட்டிரிக் அமிலம் வரவேண்டிய இடத்தில் ஒரு மேடு. மற்றவர்கள் ரத்தத்தில் அது இருப்பதே தெரியாது. இது விரல் உயரம்.

வெறும் தண்ணீரை ஓட்டிப் பார்த்தாள். கோடு சுத்தம். மறுபடி பதினேழு. 2.05. மேடு இரண்டு மடங்கு.

மூடிய குப்பி... உள்ளே எப்படி ஏறும்?

விழுப்புரத்தில் இருந்த வெற்றிவேலுக்குப் போன் செய்தாள். ஆராய்ச்சியை நடத்துகிறவர் அவர்தான். கெட்டுப்போயிருக்கும், தூக்கிப் போடு என்றார். முன்னால் ஓடிய பதினாறும் நன்றாக இருக்கின்றனவே என்றாள். எந்த அமிலம் என்று கேட்டார் அவர். சொன்னாள்.

"செத்த ஒடம்பு அழுகும்போதுதாம்மா ரத்தத்துல அது இப்படி ஏறும். உயிரோட இருக்கிற ஆளுகிட்டதான எடுத்த?"

ஆமாம். தைலம்மாள். பதினேழாம் குப்பி அவளுடையது. ஐம்பது வயது. நிலத்திலேயே வீடு கட்டித் தனியாக இருக்கிறவள். ஊசி குத்தும்போதும் சிரித்தவள்.

2.50. இன்னும் உயரம்.

3.35... மேடு திரையைத் தாண்டிவிட்டது. மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கெட்ட வெண்ணெய் நாற்றம், அந்த அமிலத்தின் நாற்றம்.

உட்கார முடியவில்லை. ஜன்னல்வரை நடந்தாள். கதவுவரை நடந்தாள்.

படிவத்தில் இருந்த எண்ணை அழுத்தினாள். 4.10.

ஒரே மணியில் எடுத்தார்கள்.

சொட்... சொட்...

"தைலம்மாக்கா, நான் காந்திமதி. ரத்தம் எடுக்க வந்தேனே. நல்லா கீறீங்களா?"

சொட்...

"இங்கதாம்மா கெடக்குறேன். கெணத்தாண்ட வா. ஜல்தி வா."

அவ்வளவுதான்.

விழுப்புரம் பஸ்ஸில் இடமிருந்தும் நின்றுகொண்டே போனாள். பஸ் நிலையத்தில் வெற்றிவேல் பைக்கோடு காத்திருந்தார். தைலம்மாளின் நிலத்தில் இறங்கும்போது மணி 6.25. வீடு திறந்து கிடந்தது. இரண்டு நாளாக ஆளைக் காணோம், மகள் வீட்டுக்குப் போயிருப்பாள் என்று இருந்துவிட்டதாகப் பக்கத்து நிலத்துப் பெரியதம்பி சொன்னார். காந்திமதி நிற்கவில்லை. நேரே கிணற்றுக்கு நடந்தாள்.

எட்டிப் பார்த்தாள்.

அதே நாற்றம்...

தீயணைப்புக்காரர்கள் வந்து உடலை மேலே தூக்கினார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலமே தவறி விழுந்திருக்கிறாள் என்று சொன்னார் பிரேதத்தைச் சோதித்த டாக்டர்.

செவ்வாய்க்கிழமை ஒரு போலீஸ்காரர் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். காந்திமதியின் போனை வாங்கிப் பார்த்தார். முப்பத்தெட்டு நொடி பேசியதாக அதில் பதிவாகியிருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப உங்ககிட்ட பேசுனது யாரும்மா?"

தைலம்மாளின் போன், அவள் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பைக்குள் இருந்ததாம். வெள்ளிக்கிழமையிலிருந்து... தண்ணீருக்குள்.