அக்கா பிரிக்காமல் போனது

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு ஜன்னல் கட்டையில் ஒரு பழைய சிவப்புப் பேர்ஸ் இரண்டு பொம்மைக் கால்களில் நிற்கிறது. ஒரு கால் வெள்ளை, மற்றது பழுப்பு. இரண்டும் வெள்ளவத்தைக் கடற்கரையில் வெவ்வேறு நாள்களில் கிடைத்தவை. பாதி திறந்த சிப், யாரையோ கேலி செய்வதுபோல் இளித்துக்கொண்டிருக்கும். அக்கா செய்தவற்றில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான்.

அக்கா ஐந்தாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தித் தையல் கடைக்குப் போனவள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை பார்த்து, பல்கலைக்கழகத்துக்கும் போனவன் நான் மட்டும்தான். நான் சத்தம் போட்டுப் படிக்க, அவள் பட்டன் தைத்துக்கொண்டே கேட்டிருப்பாள். ஏதோ ஒரு சொல் பிடித்துவிடும். இரண்டு நாளில் அந்தச் சொல், யாரோ வீசிய சாமான்களில் உருவெடுத்து ஜன்னலில் நிற்கும். பெயரை நாங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஐந்து மஞ்சள் சீப்புகளை அடியில் நூலால் கட்டி வைத்திருந்த அன்று, வேலை முடிந்து வந்த அம்மா, "அடி இவளே, வாழைப்பழச் சீப்பு!" என்று களைப்பு மறந்து சிரித்தாள். ஒற்றைச் செருப்புகள் நாலு தைத்த பிஸ்கட் பெட்டியை நான் நாற்காலி என்றேன். சொன்ன கையோடு அக்கா பிரித்துவிடுவாள். அவள் வழக்கம் அது. "பேரு வெளிய வந்திருச்சுல்ல, இனி எதுக்கு?" கெஞ்சியும் ஒன்றைக்கூட விட்டுவைத்ததில்லை.

குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போவதற்கு முதல் நாள் இந்தப் பேர்ஸை வைத்தாள். "தம்பி, இத நீ கண்டுபுடிக்கவே மாட்ட." அவள் விமானம் ஏறுவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது: வாய்க்கால். சொல்லவில்லை.

நான் இப்போது கொள்ளுப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் அக்கா கோல் எடுப்பாள். சாப்பாடு, மழை, அம்மாவின் முழங்கால் எல்லாம் கதைத்து முடியும். அப்போது கேட்பாள்.

"என்னடா, கண்டுபுடிச்சிட்டியா?"

"இன்னும் இல்லக்கா."

"அட மண்டு! கெம்பஸ் போனவனாம்!"

அந்தச் சிரிப்பு மட்டும் பழைய அக்காவுடையது.

போன வாரம், இன்னும் இரண்டு வருஷம் இருக்கப் போவதாகச் சொன்னாள். பிறகு, "தோத்துட்டேன்னு சொல்லிரு தம்பி. நானே பேரச் சொல்றேன், நீயே கழட்டிப் போட்டுரு" என்றாள். குரலில் விளையாட்டு இல்லை.

"வேணாக்கா. யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

கடல்காற்றில் சிப் துருப்பிடிக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தேங்காயெண்ணெய் தொட்டுத் தடவி, மறுபடி பாதி திறந்தே வைக்கிறேன். அக்கா இந்த ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்று கேட்கட்டும், அன்றைக்குச் சொல்கிறேன். தைத்தவளே பிரிக்கட்டும்.