சுவரோரம் நின்ற அக்கா

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில், எல்லப் பக்கம். அக்கா மகள் பெரியபிள்ளையான சடங்கு முடிந்த அடுத்த மாதமே அக்கா நெஞ்சுவலியில் தவறிப்போனாள். சடங்கு வீடியோவிலாவது அவள் முகத்தைப் பார்க்கலாம் என்று, டிவியில் மாட்டி வீடியோ ஓட்டும் சின்னப் பெட்டி ஒன்றை வாங்கினோம். படம் நின்று நின்று ஓடியது.

பதுளையில் வாங்கிய கடைக்கே எடுத்துப் போனேன். "இந்தக் கெமரா ஃபைல் பெருசுங்க, சின்னப் பெட்டி தாங்காது. வேகமான சிப் உள்ளதா எடுங்க, முகமெல்லாம் அப்படியே தெரியும்" என்றார் கடைக்காரர். மாற்றி எடுத்தோம்.

தெரிந்தது. பந்தி நடக்கிறது, நான் கெமராவைப் பார்த்துச் சிரிக்கிறேன். எனக்குப் பின்னால் எங்கள் லயத்து வீட்டுச் சுவரில் சாய்ந்து, நெஞ்சை அழுத்திக்கொண்டு நிற்கிறாள் அக்கா. முகமெல்லாம் வியர்வை. யாரோ கூப்பிட, முந்தானையால் துடைத்துவிட்டு சாம்பார் வாளியைத் தூக்குகிறாள். சடங்குக்கு மறுநாள் காலையே, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துக் கொழுந்தெடுக்கவும் போனாள்.

"நிப்பாட்டுங்க சித்தி" என்றாள் அக்கா மகள்.

அந்தப் பெட்டியை அதற்குப் பிறகு நாங்கள் போடவில்லை. இப்போது எந்த விசேஷத்துக்குப் போனாலும் நான் கெமரா பக்கம் நிற்பதில்லை. சுவரோரம் யார் சாய்ந்து நிற்கிறார்கள் என்று பார்க்கிறேன். கையிலிருக்கும் வாளியை வாங்கிக்கொண்டு, "என்ன செய்யுது?" என்று கேட்கிறேன்.