அம்பு வரும் சத்தம்

பழைய இணைய விளையாட்டு ஒன்றுக்குச் சத்தங்களைப் புதுப்பித்துத் தரும் வேலை போன மழைக்காலத்தில் எனக்கு வந்தது. கேட்பவர்களுக்கு ஏதோ ஜாலியான பிழைப்பு மாதிரி இருக்கும். கதவு திறக்கும் சத்தம், சேற்றில் நடக்கும் சத்தம், அடிபட்டவன் முனகும் சத்தம் என்று முந்நூற்றுச் சொச்சம். ஒவ்வொன்றையும் புதிதாகப் பதிவு செய்து, பழையது இருந்த அதே நீளத்துக்கு வெட்டிப் பொருத்த வேண்டும். பத்தாவது கதவிலேயே எனக்கு அலுத்துவிட்டது.

அலுப்புக்கு வீடும் ஒரு காரணம். ஏலப்பாறைக்கு மேலே, தேயிலை எஸ்டேட் லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே ஆறு குடும்பங்கள் இருக்கும் வரிசையில் நடு வீடு எங்களுடையது. கூரை தகரம். மழை விழுந்தால் மைக்கை மூடிவிட்டுச் சும்மா உட்கார வேண்டியதுதான். மழை விட்டால் பக்கத்து வீட்டு மிக்சி. மிக்சி நின்றால் கோழி. கிடைத்த பத்து நிமிடத்தில் நான் ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு பின்பக்கச் சேற்றில் நடந்து நடந்து பதிவு செய்வதைப் பார்த்து, இதற்குத்தானா கொச்சிக்குப் போய்ப் படித்தாய் என்று அம்மா கேட்டாள்.

வேலையை ஒப்புக்கொண்டதே அண்ணனுக்காகத்தான். அது அவனுடைய விளையாட்டு. தேயிலை பேக்டரியில், கொழுந்தை நசுக்கி நறுக்கும் மெஷினில் பதினைந்து வருஷமாக நிற்கிறான். காலை ஷிஃப்ட் முடிந்து வந்து, குளித்துச் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் அந்த விளையாட்டில் கோட்டைச் சுவர்மேல் காவல் நிற்பான். முகம் தெரியாத யார் யாரோ அவனோடு நிற்பார்கள். அம்பு வந்தால் முதலில் குனிகிறவன் என்று அவனுக்கு அங்கே ஒரு பெயர் உண்டு. பேக்டரியில் கிடைக்காத மரியாதை அவனுக்கு அந்தச் சுவர்மேல் கிடைத்தது.

அம்பு கிளம்பும்போது ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டுத்தான் குனிய வேண்டும். பழைய சத்தம் ஈரச் சாக்கைச் சுவரில் அடித்தது போல இருந்தது. கம்பெனிக்காரர்கள் எல்லாவற்றையும் பளிச்சென்று, கூர்மையாகக் கேட்டார்கள். சைக்கிள் சக்கரத்துக் கம்பியைச் சுண்டி, அதன் சுருதியை உயர ஏற்றி, மெலிதாக ‘கிய்ங்’ என்று ஒன்று செய்தேன். முந்நூறில் எனக்குப் பெருமையாக இருந்தது அது ஒன்றுதான்.

அண்ணனை உட்காரவைத்துச் சோதித்தேன். கதவு நல்லா இருக்கு என்றான், சேறு நல்லா இருக்கு என்றான். அம்பு வந்தது. செத்தான். இன்னொரு முறை செத்தான். மூன்றாவது முறையும் அசையாமல் நின்று செத்தான்.

“அம்புக்குச் சத்தம் வைக்கலியாட்டி?”

வைத்திருக்கிறேன் என்றேன். வரவில்லை என்றான். ஒலிக்கோப்பைத் திரும்ப ஏற்றினேன், ஹெட்போனை மாற்றினேன், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். என் காதில் கணீரென்று கேட்டது. மறுநாளும் இதே கதை. புதுசு என்றால் உனக்கு ஆகாது, பழசையே கட்டிக்கொண்டு அழு என்று திட்டினேன். அவனும் விடவில்லை. காசு கொடுத்துப் படித்துவிட்டு ஒரு அம்புக்குச் சத்தம் போடத் தெரியவில்லை என்றான். அன்று முழுக்க இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் ஹெட்போனைப் பிடுங்கி வைத்துவிட்டு ஸ்பீக்கரை மாட்டினேன். அம்புச் சத்தத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“ஏ, அத நிறுத்துங்க. காதுக்குள்ள கொசு பூந்த மாதிரி இருக்கு.”

அண்ணன் ஸ்பீக்கருக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தான். திரையைப் பார்த்தபடி, பொறுமையாக, சத்தம் வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தான்.

அம்பை நிறுத்திவிட்டு, ஏற்ற இறக்கமில்லாத ஒலி ஒன்றைத் தொடரவிட்டு, கேட்கும்போது கையைத் தூக்கு என்றேன். அதன் சுருதியை உச்சியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினேன். இறக்கிக்கொண்டே வந்தேன். என் காது வலித்தது.

“இன்னும் ஆரம்பிக்கலியா?” என்றான்.

டிவியை அலறவிடுகிறான் என்று நான் தினமும் சண்டை போட்டிருக்கிறேன். போனில் கத்துகிறான் என்று கேலி செய்திருக்கிறேன். காதை வைத்துப் பிழைக்கிறவள் நான். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்கு இது தெரியவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

காது மந்தமாகிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது, ரொம்ப நாளாகவே. அம்புக்கு என்னைத் திட்டியது எதற்கு என்றேன். அதுவும் இதனால்தான் என்று தனக்குத் தோன்றவே இல்லை என்றான். பேக்டரியில் காதுக்கு அடைப்பான் கொடுக்கிறார்கள்; எல்லோரும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார்களாம். உருளைக்குள் கொழுந்து சிக்கினால் மெஷின் சத்தம் மாறும், அதைக் கேட்டு உடனே நிறுத்துகிறவன்தான் நல்ல மெஷின்காரன். அடைத்துக்கொண்டு நின்றால் அது எப்படித் தெரியும் என்று என்னையே கேட்டான். டாக்டரிடம் போகலாம் என்றேன். கொழுந்து வரத்து குறையட்டும் என்றான். இதுவரை நாலு முறை சொல்லிவிட்டேன். எனக்குச் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது.

அம்பு விஷயம் ஒரு மத்தியானத்தில் தீர்ந்தது. கம்பி ஒலிக்கு அடியில் கனமாக ஒரு ‘தொம்’ சேர்த்தேன். கம்பெனியில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அண்ணன் பழையபடி முதலில் குனிந்தான். நானும் அந்த வேலையை மூட்டை கட்டலாம் என்று நினைத்தேன். அவன் எழுந்திருக்கவில்லை.

அவனுக்கு நாலு வயதில் ஒரு பெண். அங்கன்வாடியிலிருந்து வந்ததும் அவன் மடியில் ஏறி உட்கார்ந்து, அன்று படித்த மலையாளப் பாட்டைப் பாடுவாள். அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டு தலையாட்டுவான். அப்பனுக்குப் பிள்ளை மேல் என்ன மயக்கம் பார் என்று அண்ணியும் நானும் சிரிப்போம்.

“பாப்பா சத்தம் கேக்குது. என்ன சொல்றான்னுதான் பிடிபடல,” என்றான். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். “அம்புக்குச் செஞ்ச மாதிரி அவ பாட்டையும் கொஞ்சம் கீழ இறக்கித் தர முடியுமாட்டி?”

முடியும். அதில் வித்தை ஒன்றும் இல்லை. மறுநாள் மழை விட்ட நேரத்தில் அவளை மைக்குக்கு முன்னால் நிறுத்தினேன். கையைக் கட்டிக்கொண்டு, ஒரு வரியும் விடாமல் பாடினாள். குரலை இறக்க இறக்கத் தடித்துக்கொண்டே போனது. கடைசியில் தொண்டை கட்டிய பெரிய பொம்பளை யாரோ குழந்தைப் பாட்டுப் பாடுவது போல இருந்தது. எனக்குக் கேட்கவே பிடிக்கவில்லை. இது வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அண்ணன் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டான். உதடு கூடவே அசைந்தது. முடிந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

“இவ்வளவு வார்த்த இருக்கா அதுல,” என்றான்.

இன்னொரு முறை போடச் சொன்னான். போட்டேன். அதற்குள் அவள் வந்து மடியில் ஏறினாள். தன் பாட்டைத்தான் அப்பா கேட்கிறார் என்று தெரிந்ததும் ஹெட்போனை அவன் தலையிலிருந்து கழற்றிப் போட்டுவிட்டு, தன் குரலிலேயே முதலிலிருந்து பாட ஆரம்பித்தாள். அவன் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு, எப்போதும்போலத் தலையாட்டினான்.