கைதட்டிவிட்டுக் காத்திருப்பவர்

டாக்டர் ரதிட்ஸோ மரோஸ்வா ஹராரேயில் எங்கள் மருத்துவமனையின் நோய்க்குறியியல் ஆசிரியை. வார்டுகளில் பயிற்சி பெறும் மாணவர்கள், தங்கள் நோயாளி இறந்தால், உடலை அறுத்துக் காரணம் தேடுவதை அவரிடம்தான் கற்றார்கள். நான் பதிவறைக்காரன். பழைய சிகிச்சைக் குறிப்புகளைப் பிணவறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, பாடம் முடியும்வரை கதவோரம் நிற்பேன்.

அவர் தனியாக வாழ்ந்தவர். மாலையில் எலுமிச்சை தேய்த்துக் கை கழுவிவிட்டுத்தான் பஸ் ஏறுவார். ஆனாலும் அவர் பக்கத்து இருக்கை காலியாகவே போகும்.

கத்தியைத் தொடுமுன் உடலின் கால்மாட்டில் முழங்காலிட்டு, உள்ளங்கைகளைக் குவித்து மெல்லத் தட்டுவார். எங்கள் பெண்கள் பெரியவர்களுக்குச் சொல்லும் வணக்கம் அது. பிறகு இறந்தவரைக் குலப்பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு அசையாமல் இருப்பார். குளிர்பெட்டியின் உறுமல் மட்டும் கேட்கும்.

“எதுக்கு டாக்டரம்மா காத்திருக்கீங்க?” என்று புதிதாக வருபவர்களில் ஒருவராவது கேட்பார்கள்.

“பதிலுக்கு. வரலேன்னா வெட்டலாம்.”

மாணவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஒரு ஜூன் மாதக் காலையில் மேசைமேல் இருந்தவர் முட்டேக்வா என்ற விவசாயி. முந்தின நாள் காய்ச்சலோடு வந்து சேர்ந்தவர். மோயோ குலம். மோயோ என்றால் இதயம்.

“மோயோக்காரங்க மாட்டு இதயத்தைத் தொடமாட்டாங்க. நீ அவரோடதையே வெட்டப்போற, பாத்துக்கோ,” என்று ஒரு மாணவி, உடன் படிக்கும் ஷிங்கிராயைச் சீண்டினாள். அவன்தான் அன்று நோயாளியைப் பற்றிச் சொல்ல வேண்டியவன்.

டாக்டரம்மா தட்டினார், கூப்பிட்டார், காத்திருந்தார். பிறகு, “சொல்லுப்பா,” என்றார்.

“பழைய குறிப்புப்படி, மாடு முட்டினதால மண்ணீரலை அறுத்து எடுத்திருக்காங்க...”

“தழும்பு எங்கே?”

ஷிங்கிராய் குனிந்தான். வயிறு வழவழவென்று இருந்தது.

“வார்டுல இவர் முகத்தைப் பாத்தியா?”

“இல்ல... இங்க கால்ல கட்டின சீட்டைத்தான் பாத்தேன்.”

“இது அவர் இல்ல,” என்றார் டாக்டரம்மா.

பிணவறை ஊழியர் சபுரிக்கு வியர்த்துவிட்டது. “வார்டுலேருந்து போன்ல சொன்னாங்களே, முட்டேக்வா இல்லாமப் போயிட்டார்னு! அப்பவே இந்த உடம்பும் சீட்டில்லாம வந்துச்சு. நான்தான் பேர் எழுதிக் கட்டினேன்.”

இன்னார் இறந்தார் என்று பெயர் சொல்லி நாங்கள் யாரும் சொல்லமாட்டோம். இல்லாமல் போனார் என்பதுதான் மரியாதை. ஆனால் எல்லா இடத்திலும் தேடிப் போன் செய்த நர்ஸ் அதை நேர்ப்பொருளில்தான் சொல்லியிருக்கிறார் என்று வார்டில் கேட்டதும் தெரிந்தது. முட்டேக்வா கட்டிலில் இல்லை. காய்ச்சல் மயக்கத்தில் எழுந்து எங்கோ போய்விட்டார். அவர் ஊருக்கும் அதே சொல்தான் போயிருந்தது.

உடலை வாங்க வந்த முட்டேக்வாவின் மனைவி வெளியே மரத்தடியில் இருந்தார். மூத்த பிள்ளையின் பெயரால் அவரை நெட்சாயின் அம்மா என்பார்கள். உள்ளே இருப்பது அவர் கணவர் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். அந்தம்மா முகத்தில் சந்தோஷம் வரவில்லை.

“அப்ப... விடியறப்பக் கதவைத் தட்டினது?”

“யாரு தட்டினது?”

“அவரேதான். ஆஸ்பத்திரிப் போர்வையப் போத்திக்கிட்டு வந்து தண்ணி கேட்டார். துக்கத்துக்கு வந்தவங்க அலறிட்டாங்க. ‘வந்த வழியே போயிடுங்க மோயோ, பிள்ளைங்கள விட்டுடுங்க’ன்னு கதவைச் சாத்திட்டேன். அப்புறமும் தட்டினார். நாங்க பாட்டை இன்னும் சத்தமாப் பாடினோம்.”

டாக்டரம்மா ஷிங்கிராய் பக்கம் திரும்பினார். “மண்ணீரல் இல்லாதவருக்குக் காய்ச்சல் வந்தா?”

“கிருமி ரத்தத்துல பரவி, ரொம்பச் சீக்கிரமே...”

“போதும். வார்டுல பெனிசிலின் வாங்கிட்டு ஓடி வா.”

பிணம் ஏற்றும் வண்டிதான் கிடைத்தது. அதில் நெட்சாயின் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு, டொம்போஷாவா பக்கம் இருந்த அவர்கள் ஊருக்குப் போனோம். முற்றத்தில் ஆட்கள் நெருப்பைச் சுற்றி நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

“மிச்சக் குழிய வெட்டப் போனவங்க மண்வெட்டியப் போட்டுட்டு ஓடி வந்துட்டாங்க,” என்றார் ஒருவர். “உள்ள யாரோ இருமறாங்களாம்.”

சோளக்கொல்லைக்கு அப்பால் பாதி வெட்டிய குழி. விளிம்பில் போர்வையின் நுனி தெரிந்தது. குளிர்காற்றுக்கு ஒதுங்கியவர்போல் ஒருவர் உள்ளே சுருண்டு கிடந்தார். முகம் மண் நிறம். மார்பு அசைகிறதா என்று மேலிருந்து தெரியவில்லை. நெட்சாயின் அம்மா கிட்டே வரவில்லை.

டாக்டரம்மா அவர் கால்மாட்டுப் பக்கம் விளிம்பில் முழங்காலிட்டார். கை குவித்துத் தட்டினார்.

“மோயோ.”

காய்ந்த சோளத்தட்டைகள் உரசிக்கொண்டன. ஷிங்கிராய் ஊசிமருந்தைக் கையில் பிடித்தபடி நின்றான்.

குழிக்குள்ளிருந்து, எங்கள் ஆண்கள் தட்டும் விதத்தில், விரல்கள் சேர, இரண்டு உலர்ந்த தட்டல்கள் கேட்டன.

“தண்ணி,” என்றது குரல். “நெட்சாய் அம்மா கதவத் திறக்கல.”

டாக்டரம்மா குழிக்குள் குதித்தார். ஊசி போட்டு, அதே வண்டியில் அவரைக் கிடத்திக் கொண்டுவந்தோம். உயிர் தங்கிவிட்டது.

அவரை வார்டில் சேர்த்ததும் டாக்டரம்மா நேரே பிணவறைக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம். யாரென்று தெரியாத அந்த இன்னொருவர் மேசைமேல் அப்படியே இருந்தார். காலில் முட்டேக்வாவின் பெயர்ச் சீட்டு. டாக்டரம்மா அதை அவிழ்த்தார்.

“ஐயா, வேற ஒருத்தர் பேரச் சொல்லி உங்களக் கூப்பிட்டுட்டோம். உங்க குலம் எதுன்னு எங்களுக்குத் தெரியாது.”

முழங்காலிட்டுத் தட்டினார். வழக்கம்போலக் காத்திருந்தார். குளிர்பெட்டியின் உறுமல் நின்றிருந்தது. அன்று ஷிங்கிராயும் சபுரியும் நானும் அவரோடு காத்திருந்தோம், பதில் எதுவும் வந்துவிடக் கூடாதே என்று.